'நிபந்தனை விதித்தது' என்று எழுதுவதற்கு முன்: ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரக் காத்திருக்கும் நாடுகளின் செய்தியைப் படிக்கும் முறை

2018 செப்டம்பர் 30, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. மதுரையில் ஒரு நாளிதழில் உலகச் செய்திப் பக்கம் என் பொறுப்பு. கிரீஸுக்கு வடக்கே உள்ள மாசிடோனியாவில் அன்று நாட்டின் பெயர் மாற்றம் குறித்துப் பொது வாக்கெடுப்பு. அங்கே வாக்குச்சாவடி மூடும்போது இங்கே மணி பத்தரை. முடிவு வரத் தொடங்கிய நேரத்தில், கடைசிப் பதிப்புக்குப் பக்கம் கேட்டு அச்சகத்திலிருந்து இரண்டு முறை ஆள் வந்துவிட்டார். ஏஜென்சிச் செய்தியின் முதல் இரண்டு பத்திகளைத் தமிழாக்கி, "பெயர் மாற்றத்துக்கு 91 சதவீதம் ஆதரவு: மாசிடோனியா மக்கள் தீர்ப்பு" என்று தலைப்பு வைத்து அனுப்பினேன்.

விடிந்த பிறகுதான் மீதிப் பத்திகளைப் படித்தேன். வாக்களிக்க வந்தவர்களே 36.9 சதவீதம். வாக்கெடுப்பு செல்லுபடியாக 50 சதவீதம் பேர் வந்திருக்க வேண்டும். நான் 'மக்கள் தீர்ப்பு' என்று போட்ட நாளில் அந்த மக்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வாக்குச்சாவடிப் பக்கமே வரவில்லை.

அந்தத் தலைப்பு இன்னும் என் மனதில் உறுத்துகிறது. ஓய்வு பெற்ற பிறகு, உலகச் செய்தி எழுதப் பழகும் பிள்ளைகளும் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும் சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வருகிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து இந்தச் செய்திகளைப் பிரித்துப் படிக்கும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நிபந்தனை யாருடையது?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. 'ஐரோப்பிய ஒன்றியம் நிபந்தனை விதித்தது' என்ற வாக்கியத்தை அப்படியே எழுதாதீர்கள். அதற்குள் இரண்டு வகை ஒளிந்திருக்கிறது.

ஒன்று, ஏட்டில் உள்ள நிபந்தனை. 1993 ஜூனில் கோபன்ஹேகனில் தலைவர்கள் கூடி மூன்று அளவுகோல்களை வகுத்தார்கள். சனநாயகம், சட்டத்தின் ஆட்சி, மனித உரிமை, சிறுபான்மையினர் பாதுகாப்பு ஆகியவற்றைக் காக்கும் நிலையான அமைப்புகள் வேண்டும். போட்டியைத் தாங்கும் சந்தைப் பொருளாதாரம் வேண்டும். உறுப்பு நாட்டின் கடமைகளை ஏற்கும் திறன் வேண்டும். ஒன்றியத்தின் சட்டத்தொகுப்பு 35 அத்தியாயங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. சேரும் நாடு அவற்றில் ஒவ்வொன்றாகப் பேசி முடிக்க வேண்டும்.

மற்றது, பக்கத்து வீட்டுக்காரரின் நிபந்தனை. ஒவ்வொரு கட்டத்திலும் ஏற்கெனவே உள்ளே இருக்கும் எல்லா நாடுகளும் சம்மதிக்க வேண்டும். இன்று அவை 27. ஒரு நாடு கையை மடக்கிக்கொண்டாலும் எல்லாம் நின்றுவிடும். குரோவேஷியாவின் பேச்சுவார்த்தையை ஸ்லோவேனியா 2008 டிசம்பரில் மறித்தது பிரான் வளைகுடாவில் கடல் எல்லை எங்கே போகிறது என்ற தகராறுக்காக. கோபன்ஹேகன் அளவுகோலில் வளைகுடா எதுவும் கிடையாது.

மாசிடோனியாவுக்கு வந்தது இந்த இரண்டாம் வகை. அந்த நாடு 1991-ல் விடுதலை பெற்றது. தன் வடக்கு மாநிலத்துக்கும் மாசிடோனியா என்றே பெயர், அலெக்சாண்டரின் மரபு தன்னுடையது என்பது கிரீஸின் வாதம். அதனால் 1993-ல் ஐ.நா.வில் அந்த நாட்டைச் சேர்த்ததே 'முன்னாள் யூகோஸ்லாவியக் குடியரசு மாசிடோனியா' என்ற தற்காலிகப் பெயரில்தான். 2005 டிசம்பரில் ஒன்றியத்தில் சேர வேட்பாளர் நாடு ஆனது. பேச்சுவார்த்தை தொடங்கலாம் என்று ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் வருடா வருடம் பரிந்துரைத்தும் கிரீஸ் விடவில்லை. 2018 ஜூன் 17 அன்று இரு நாடுகளும் பகிர்ந்துகொள்ளும் பிரெஸ்பா ஏரிக்கரையில் ஒப்பந்தம் கையெழுத்தானது: பெயர் இனி 'வட மாசிடோனியா'.

அந்த வாக்கெடுப்பில் மக்களிடம் கேட்ட கேள்வியைப் பிள்ளைகளிடம் சத்தமாகப் படிக்கச் சொல்வேன்: 'மாசிடோனியக் குடியரசுக்கும் கிரேக்கக் குடியரசுக்கும் இடையிலான ஒப்பந்தத்தை ஏற்பதன் மூலம் ஐரோப்பிய ஒன்றியம், நேட்டோ ஆகியவற்றில் உறுப்பினராவதை ஆதரிக்கிறீர்களா?' இதில் 'வட மாசிடோனியா' எங்கே இருக்கிறது என்று கேட்பேன். தேடித்தேடிப் பார்ப்பார்கள். இல்லை. நாட்டின் பெயரை மாற்றும் வாக்கெடுப்பில் புதுப் பெயரே அச்சாகவில்லை. வீட்டில் இருந்துவிட்டவர்களைச் சோம்பேறிகள் என்று எழுதுவதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள். புறக்கணிக்கச் சொல்லி ஓர் இயக்கமே அப்போது நடந்தது.

இதில் இன்னோர் அடுக்கும் உண்டு. வாக்காளர் பட்டியலில் அன்று சுமார் 18 லட்சம் பேர். 2021-ல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில், குழந்தைகளையும் சேர்த்தே, நாட்டில் வசித்தவர்கள் சுமார் 18.4 லட்சம். அதாவது பட்டியலில் இருந்தவர்களில் பெருந்தொகையினர் ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் போய்விட்டவர்கள். ஆகவே 36.9 என்ற எண்ணையும் 'மக்கள் நிராகரித்தார்கள்' என்று அப்படியே படிக்க முடியாது. ஒரே எண்ணுக்குள் கோபம், குழப்பம், ஊரைவிட்டுப் போனவர்களின் வெற்றிடம் மூன்றும் இருக்கின்றன.

வாக்கெடுப்பு செல்லவில்லை, அது ஆலோசனைக்கானது மட்டுமே என்று சொல்லி அரசு நாடாளுமன்றத்துக்குப் போனது. 120 இடங்களில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 80 வாக்குகள் வேண்டும். 2019 ஜனவரியில் 81 கிடைத்தது. அதற்கு ஒரு மாதம் முன்பு, 2017 ஏப்ரலில் நாடாளுமன்றத்துக்குள் ஒரு கும்பல் புகுந்து அடித்த வழக்கில் பலருக்குப் பொதுமன்னிப்பு தரும் சட்டம் நிறைவேறியது. அந்த வழக்கில் சிக்கியிருந்த எதிர்க்கட்சி உறுப்பினர்கள் சிலர் பெயர் மாற்றத்துக்கு ஆதரவாகக் கை தூக்கியவர்கள். சட்டத்தின் ஆட்சியை முதல் அளவுகோலாக வைத்திருக்கும் ஒன்றியத்துக்குள் நுழைய, வழக்கைக் கைவிட வேண்டியிருந்தது. இந்த இடத்தை நான் எப்போதும் அடிக்கோடிடச் சொல்வேன். நிபந்தனை நிறைவேறியதா என்பதோடு எந்த விலையில் நிறைவேறியது என்பதையும் பார்க்க வேண்டும்.

அதன் பிறகும் கதவு திறக்கவில்லை. 2019 அக்டோபரில் பிரான்ஸ் மறித்தது. 2020 நவம்பரில் பல்கேரியா மறித்தது. இந்த முறை மொழியும் வரலாறும். மாசிடோனிய மொழி பல்கேரிய மொழியின் வேறொரு வடிவம் என்பது பல்கேரியத் தலைநகர் சோபியாவின் நிலை. இரு நாட்டு வரலாற்றாசிரியர்களும் உட்காரும் ஒரு கூட்டுக்குழு, பள்ளிப் பாடப்புத்தகத்தை வரிவரியாகப் பேசிக்கொண்டிருக்கிறது. 1903-ல் ஓட்டோமான் படையுடன் நடந்த மோதலில் இறந்த கோட்சே டெல்செவ் யாருடைய வீரர் என்பது அதில் தீராத கேள்வி. அவர் பிறந்த ஊர் இன்று கிரீஸில், கல்லறை மாசிடோனியத் தலைநகர் ஸ்கோபியேயில், பெயர் இரண்டு நாட்டுப் பாடப்புத்தகங்களிலும். 2022-ல் வந்த சமரசத்தின்படி, அரசமைப்பில் பெயர் சொல்லப்பட்டுள்ள சமூகங்களோடு பல்கேரியரையும் சேர்க்க வேண்டும். கணக்கெடுப்பில் தங்களைப் பல்கேரியர் என்று சொன்னவர்கள் 3,504 பேர். 2024-ல் ஆட்சிக்கு வந்த கட்சி அந்தத் திருத்தத்தைச் செய்ய மறுக்கிறது.

பெயரைக் கொடுத்துவிட்டு வாசலில் நிற்கும் மக்களை நினைத்தால் எனக்கு இன்றும் வேதனையாக இருக்கிறது. ஒருமுறை சொல்லியதைச் செய்தவனிடம் அடுத்தவர் வந்து வேறொன்றைக் கேட்டால், மூன்றாம் முறை அவன் யாரை நம்புவான்?

யார் மேல் விழுகிறது?

நிபந்தனை நாட்டின் மேல் விழுவதில்லை, ஆட்களின் மேல் விழுகிறது. செய்தியில் 'நாடு' என்று வரும் இடத்திலெல்லாம் ஓர் ஆளை வைத்துப் படித்துப் பாருங்கள்.

வட மாசிடோனியாவில் அந்த ஆள் பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஒவ்வொருவரும். பழைய பெயர் போட்ட பாஸ்போர்ட் 2024 பிப்ரவரி 12-க்குப் பிறகு செல்லாது. காலாவதித் தேதி இன்னும் மீதமிருந்தாலும் செல்லாது.

லாட்வியாவில் அந்த ஆளை என் மகள் வழியாகத் தெரிந்துகொண்டேன். ரிகாவில் படிக்கப் போனபோது வாடகைக்கு எடுத்த அறையின் வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். ரஷ்ய மொழி பேசுபவர். சோவியத் காலத்தில் தொழிற்சாலை வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டவர். 'உள்ளாட்சித் தேர்தல் வருது, நீ ஓட்டுப் போடப் போகலையான்னு கேட்டேம்மா. எனக்கு இந்த நாட்டுல ஓட்டு இல்லைன்னு சொன்னாங்க' என்று மகள் போனில் சொன்னபோது நான் முதலில் நம்பவில்லை. பிறகுதான் தேடிப் படித்தேன்.

1991-ல் விடுதலையை மீட்ட லாட்வியா, 1940-க்கு முன்பு குடிமக்களாக இருந்தவர்களையும் அவர்கள் வழித்தோன்றல்களையும் மட்டுமே தானாகக் குடிமக்களாக ஏற்றது. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் 'குடிமக்கள் அல்லாதவர்' என்ற தனி வகைக்குள் போனார்கள். லாட்வியர்களின் அச்சத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும். சோவியத் ஆக்கிரமிப்பு, நாடுகடத்தல், சொந்த மண்ணிலேயே சிறுபான்மையாகிவிடுவோமோ என்ற பயம் எல்லாம் உண்மை. 1994 சட்டம் குடியுரிமை விண்ணப்பத்துக்கு வயதுவாரியாகச் சாளரங்கள் வைத்தது, அதாவது யார் எந்த ஆண்டிலிருந்து விண்ணப்பிக்கலாம் என்ற வரிசை. லாட்வியாவில் பிறந்த இளையவர்களுக்கு முதலில், வெளியே பிறந்தவர்களுக்குக் கடைசியில். அந்த அம்மா போன்றவர்கள் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும்.

ஒன்றியமும் ஐரோப்பியப் பாதுகாப்பு, ஒத்துழைப்பு அமைப்பும் அழுத்தம் தந்தன. 1998 அக்டோபரில் நடந்த வாக்கெடுப்பில் சுமார் 53 சதவீதம் பேர் ஆதரிக்க, சாளரங்கள் ஒழிந்தன. 1991 ஆகஸ்டுக்குப் பின் பிறந்த குழந்தைகளை, பெற்றோர் கேட்டால், மொழித்தேர்வு இல்லாமலே குடிமக்களாகப் பதியவும் வழி வந்தது. நிபந்தனை நல்லது செய்தது என்று தயங்காமல் சொல்லக்கூடிய இடம் இது.

ஆனால் எதை விட்டுவைத்தது என்றும் பார்க்க வேண்டும். மொழித்தேர்வும் வரலாற்றுத் தேர்வும் இருந்தன. அறுபது வயதில் லாட்விய மொழியில் தேர்வு எழுத அந்த அம்மாவுக்கு மனம் வரவில்லை. ஒன்றியத்தில் சேரலாமா என்று 2003 செப்டம்பர் 20-ல் மக்களிடம் கேட்டபோது அவருக்கு வாக்கு இல்லை. சேர்ந்த பிறகு, ஸ்பெயினிலிருந்தோ போர்ச்சுகலிலிருந்தோ ரிகாவுக்குக் குடிவந்தவர் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். அரை நூற்றாண்டாக அங்கேயே வாழும் அவர் முடியாது. சிறுபான்மையினர் பாதுகாப்பு என்ற கோபன்ஹேகன் சொற்கள் அந்த வீட்டு வாசல் வரை வந்து நின்றுவிட்டன.

மதிப்பெண்களை எப்படிப் படிப்பது

ஒவ்வோர் ஆண்டும், பெரும்பாலும் அக்டோபர் அல்லது நவம்பரில், ஆணையம் நாடுவாரியாக அறிக்கை வெளியிடும். இலவசமாகக் கிடைக்கும், ஏறக்குறைய நூறு பக்கம் இருக்கும். முன்னுரையைத் தாண்டிப் போய் 23-ஆம் அத்தியாயத்தைத் திறங்கள். நீதித்துறை, ஊழல், பேச்சுரிமை, சிறுபான்மையினர் எல்லாம் அதில்தான். அடுத்தது 24: போலீஸ், எல்லை, தஞ்சம். இந்த இரண்டும் முதலில் திறக்கப்பட்டுக் கடைசியில் மூடப்படுபவை.

அறிக்கையின் மொழி மிக மென்மையானது. 'ஓரளவு முன்னேற்றம்' என்றால் ஏதோ நடந்திருக்கிறது. 'வரையறுக்கப்பட்ட முன்னேற்றம்' என்றால் கிட்டத்தட்ட ஒன்றும் நடக்கவில்லை. 'பின்னடைவு' என்ற சொல் வந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். ஒரே அத்தியாயத்தின் மூன்று ஆண்டு அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாறிய சொற்களை மட்டும் வட்டமிடுங்கள். ஒரு மணி நேர வேலை.

சட்டம் வந்தது சரி, அடுத்த திங்கட்கிழமை என்ன நடந்தது?

அல்பேனியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 ஜூலையில் நாடாளுமன்றத்தின் 140 உறுப்பினர்களும் ஒருமனதாக அரசமைப்பைத் திருத்தினார்கள். ஒவ்வொரு நீதிபதியும் அரசு வழக்கறிஞரும் தன் வீடும் நிலமும் எந்தப் பணத்தில் வந்தன என்று கணக்குக் காட்ட வேண்டும். குற்றக் கும்பல்களோடு தொடர்பு உண்டா என்பதும் தொழில் திறமையும் சோதிக்கப்படும். சோதனைக்கு வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தேறவில்லை, அல்லது தாங்களே விலகினார்கள். லஞ்சம் கொடுத்து நொந்துபோன மக்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் காலியான நாற்காலிகளை நிரப்ப ஆள் இல்லை. 2018 முதல் 2020 இறுதி வரை அரசமைப்பு நீதிமன்றம் கூடத் தேவையான எண்ணிக்கையில் நீதிபதிகள் இல்லை. நிலத் தகராறோ ஜீவனாம்ச வழக்கோ போட்டுவிட்டுக் காத்திருந்தவரின் கட்டு மேசையில் அப்படியே கிடந்தது. சீர்திருத்தம் நல்லதா கெட்டதா என்று ஒற்றை வரியில் கேட்கும் பிள்ளைகளிடம், வழக்கு போட்டவரைக் கேள், பிறகு எழுது என்பேன்.

லித்துவேனியாவின் விசாகினாஸ் நகரம் இக்னாலினா அணுமின் நிலையத்துக்காகவே 1975-ல் கட்டப்பட்டது. செர்னோபில் வகை உலை; மூடினால்தான் உள்ளே வரலாம் என்பது நிபந்தனை. முதல் உலை 2004 கடைசி நாளிலும், இரண்டாவது 2009 கடைசி நாளிலும் நின்றன. நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் அங்கிருந்து வந்துகொண்டிருந்தது. இரண்டாவது உலையை இன்னும் சில காலம் ஓட்டலாமா என்று 2008 அக்டோபரில் மக்களிடம் கேட்டார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் ஆம் என்றார்கள், ஆனால் வந்தவர்கள் 48 சதவீதம்தான், வாக்கெடுப்பு செல்லவில்லை. (வருகைச் சதவீதத்தை முதலில் பாருங்கள் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான்.) உலை மூடியது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனாலும் அந்த நகரத்தின் மக்கள்தொகை முப்பதாயிரத்துக்கு மேலிருந்து இருபதாயிரத்துக்குக் கீழே இறங்கிய கதையை, பாதுகாப்பு என்ற ஒரு சொல்லால் மூடிவிடக் கூடாது.

பிடி எப்போது இறுகும், எப்போது தளரும்

தேதிகளை ஒரு கோட்டில் எழுதுங்கள். உள்ளே நுழையும் நாளுக்கு முன்பு பிடி இறுக்கம். நுழைந்த மறுநாள் தளர்ச்சி. நுழைவே நடக்காது என்று தெரிந்துவிட்டாலும் தளர்ச்சிதான். துருக்கி 1999-ல் வேட்பாளர் ஆனது. 2002 ஆகஸ்டில் அமைதிக்கால மரணதண்டனையை ஒழித்தது. குர்து மொழி ஒலிபரப்புக்கு வழி விட்டது. 2005 அக்டோபரில் பேச்சுவார்த்தை தொடங்கியது. கதவு திறக்காது என்ற எண்ணம் வலுத்தபின் அந்த வேகம் போய்விட்டது. 2018 முதல் பேச்சு அசையவில்லை. ஸ்லோவாக்கியாவில் நேர்மாறு: 1997-ல் பிரதமர் மெச்சியாரின் ஆட்சியைக் காரணம் காட்டி முதல் வரிசையில் சேர்க்கவில்லை, 1998 தேர்தலில் ஆட்சி மாறியது, 2004-ல் அண்டை நாடுகளோடு ஒன்றாக உள்ளே வந்தது.

இலங்கை வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையை 2010 ஆகஸ்டில் ஒன்றியம் நிறுத்தி 2017 மே மாதம் திருப்பித் தந்ததை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அங்கே 27 சர்வதேச உடன்படிக்கைகள் நிபந்தனையாக இருந்தன. ஆனால் பரிசு வரிச்சலுகை மட்டுமே, உறுப்புரிமை அல்ல. பரிசு சிறிதானால் பிடியும் சிறிது.

நிபந்தனையைக் கையில் எடுத்துக்கொள்பவர்கள்

இது பல செய்திகளில் விடுபட்டுப்போகும். நிபந்தனை மேலிருந்து வருவது மட்டுமல்ல. கீழே இருப்பவர்கள் அதைப் பிடித்துத் தங்கள் அரசை உலுக்குவதும் உண்டு. 2025 ஜூலை 22 அன்று உக்ரைன் நாடாளுமன்றம் ஊழல் தடுப்பு அமைப்புகள் இரண்டின் தன்னாட்சியைப் பறிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அன்று மாலையே கீவ் நகரில் இளைஞர்கள் அட்டைப்பெட்டியைக் கிழித்து வாசகம் எழுதித் தெருவுக்கு வந்தார்கள். போர் நடக்கிறது, வானில் ட்ரோன் வருகிறது, அப்படியும் வந்தார்கள். ஒன்றியத்திலிருந்தும் எச்சரிக்கை வந்தது. ஜூலை 31 அன்று தன்னாட்சி திரும்பியது. ஜார்ஜியாவில் 2024 நவம்பர் 28 அன்று, 2028 இறுதி வரை சேர்க்கைப் பேச்சைத் தொடங்கமாட்டோம் என்று பிரதமர் அறிவித்ததும் தலைநகர் திபிலிசியின் ருஸ்தவேலி சாலை எதிர்ப்பாளர்களால் நிறைந்தது. அங்கே அரசு இறங்கி வரவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்து, எங்கே பிடி இருந்தது, எங்கே இல்லை என்று எழுதிப் பாருங்கள். பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் வீட்டுப்பாடம் இது.

அடுத்த பாடமாக என் பழைய தலைப்பைக் கொடுத்து, திருத்தச் சொல்வேன். போன மாதம் எல்லோருமாகச் சேர்ந்து எழுதியது இது:

"மாசிடோனியா வாக்கெடுப்பு செல்லவில்லை: வந்தவர்கள் 36.9 சதவீதம். ஸ்கோபியே, அக். 1: கிரீஸ் கேட்டபடி நாட்டின் பெயரை மாற்றுவது குறித்து நேற்று நடந்த பொது வாக்கெடுப்பில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் கலந்துகொள்ளவில்லை. வாக்களித்தவர்களில் 91 சதவீதம் பேர் ஆதரவு தெரிவித்தனர். புதிய பெயர் வாக்குச்சீட்டில் இடம்பெறவில்லை. முடிவு இனி நாடாளுமன்றத்தின் கையில். அங்கே 80 வாக்குகள் தேவை."